கணக்கு வாரம்

எங்கள் வால்வுத் தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் பதினேழு வருஷம் உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் நிமிஷக்கா என்றுதான் கூப்பிட்டோம். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. எட்டு மணி ஷிப்டுக்கு எட்டு நாலுக்கு வந்தால் நாலு நிமிஷத்தை வெட்டாமல் விடமாட்டார், அதனால் வந்த பெயர். நான் ஸ்டோர் கீப்பர். அவர் அறைக்கும் என் ஸ்டோருக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு, அதில் ஒரு சின்ன ஜன்னல். அந்த ஜன்னல் வழியாகப் பார்த்ததைத்தான் எழுதுகிறேன். அழகான கதை இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வாய் கசக்கிறது.

அவருடைய சொந்தத் தம்பியும் எங்கள் ஆள்தான். ஏழாம் நம்பர் லேத்தில் பதினாலு வருஷம் நின்றவன். அவன் கல்யாணமாகி மறுவாரம் வேலைக்கு வந்த முதல் நாள் ஆறு நிமிஷம் லேட். கார்டை மெஷினில் செருகும்போதே ஜன்னல் பக்கம் திரும்பி, "அக்கா, இன்னைக்கு மட்டும் கண்டுக்காதே" என்று பல்லைக் காட்டினான்.

"கல்யாணம் உனக்கு. கடிகாரத்துக்கு இல்ல" என்றார் அக்கா. வெட்டியும் விட்டார். அன்றைக்கு முழுக்க லேத் பிரிவில் அதே பேச்சாக இருந்தது. ஆனால் அக்காவை யாரும் வெறுக்கவில்லை, ஏனென்றால் அந்த நிமிஷக் கணக்கு நம் பக்கமும் சாயும். கூடுதலாகப் பத்து நிமிஷம் நின்றால் பத்து நிமிஷமும் ஏறிவிடும். சூப்பர்வைசர் தலைகீழாக நின்றாலும் குறைக்கமாட்டார். "நான் பொய் எழுதமாட்டேன்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. எனக்கு அப்போது அது பெரிய குணமாகத் தெரிந்தது.

மாதம் ஒருமுறை புள்ளியியல் அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வரும். ஒரே ஒரு பக்கம். பன்னிரண்டாம் தேதி எந்த வாரத்தில் விழுகிறதோ அந்த வாரத்தில் எத்தனை பேர் வேலை செய்தார்கள், மொத்தம் எத்தனை மணி நேரம், ஆளுக்குச் சராசரி எவ்வளவு. கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். பதினேழு வருஷமாக அந்தக் கட்டம் காலியாகத்தான் போனது. எங்கள் ஊழியர் நூற்று நாற்பது பேர், சராசரி நாற்பத்தெட்டு மணி, ஏறினால் ஒன்று, இறங்கினால் ஒன்று. அக்கா அதைப் பெருமையோடு நிரப்புவார். எனக்குப் பாடமும் நடத்துவார்.

"இதுல என்ன இருக்குன்னு நெனைக்காதீங்கண்ணே. ஆர்டர் கூடுச்சுன்னா முதலாளி உடனே புது ஆளை எடுக்கமாட்டாரு. இருக்கிறவனையே ரெண்டு மணி நேரம் கூட நிறுத்துவாரு. ஆர்டர் குறைஞ்சாலும் அப்படித்தான், உடனே ஆளை அனுப்பமாட்டாரு, நேரத்தைக் குறைப்பாரு. அதனால நாட்டுல எது நடக்கிறதா இருந்தாலும் முதல்ல ஆடுறது இந்த எண்ணுதான். பெரிய பெரிய ஆளுங்கல்லாம் இதைப் பார்த்துத்தான் முடிவு எடுக்கிறாங்களாம்."

"அப்ப நாட்டை நடத்துறதே நீதான்னு சொல்லு" என்பேன்.

"கிண்டல் பண்ணாதீங்க" என்பார். ஆனால் முகத்தில் சந்தோஷம் தெரியும்.

பிறகு ஆர்டர் குறைந்தது. அதை முதலில் தெரிந்துகொண்டது நான்தான். பித்தளைக் கம்பி லாரி வாரம் மூன்று வந்தது இரண்டானது, பிறகு ஒன்றானது. மதியம் ஒரு மணிக்கெல்லாம் ஆட்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். வாரம் முப்பது மணிதான் வேலை என்று ஆகிவிட்டது. மனிதர்கள் பட்டப்பகலில் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு நடந்தார்கள். பெண்டாட்டி கேட்டால் என்ன சொல்வது என்று சிலர் பஸ் நிறுத்தத்திலேயே நாலு மணி வரை உட்கார்ந்திருந்ததும் எனக்குத் தெரியும்.

பன்னிரண்டாம் தேதி நெருங்கியபோது மேனேஜர் டைம் ஆபீஸுக்கு வந்தார். 'வந்தார்' என்று எழுதுவது கைப்பழக்கம், மரியாதை இல்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு வைத்திருப்பார். பேசும்போது அதை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டுவார்.

"அடுத்த வாரம் எல்லாருக்கும் ஆறு நாளும் ஒம்பது மணி நேரம் ஷிப்ட்" என்றார்.

"வேலை எங்க சார் இருக்கு?" என்றார் அக்கா.

"நேரம் இருக்குல்ல. இந்த மாசம் அவங்களுக்கு எத்தனை மணி நேரமோ அதுல கொஞ்சத்தை எடுத்து இந்த வாரத்துல வைக்கிறோம், அவ்வளவுதான். முதலாளி கம்பெனியை விக்க ஆள் பார்த்துக்கிட்டு இருக்காரு. வாங்க வர்றவன் நம்ம துறையோட நேரம் ஏறுதா இறங்குதான்னுதான் முதல்ல பார்ப்பான்."

"பொய்க் கணக்கு என்னால எழுத முடியாது சார்."

மேனேஜர் சிரித்தார். "யாரும்மா பொய் எழுதச் சொன்னது? அந்த வாரம் அம்பத்திநாலு மணி நேரம் நிஜமாவே உள்ளதான் இருப்பாங்க. கார்டு அடிப்பாங்க. நீ உள்ளதை எழுது."

அக்கா என் பக்கம் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்தார். நான் நட்டு போல்ட்டு எண்ணிக்கொண்டிருந்தேன், எண்ணுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லாவிட்டாலும். பிறகு, "கார்டுல என்ன இருக்கோ அதைத்தான் எழுதுவேன்" என்றார். அதைத்தானே அந்த ஆளும் கேட்டார்.

அந்த வாரத்துக்கு ஆட்களே 'கணக்கு வாரம்' என்று பெயர் வைத்தார்கள். பார்க்கச் சகிக்காது. முதல் இரண்டு நாளில் இருக்கிற கம்பி தீர்ந்துவிடும். மீதி நாலு நாள் லேத் சும்மா சுற்றும். வெட்ட இரும்பில்லை, பித்தளையில்லை, காற்றைத்தான் வெட்டினார்கள். மெஷினை நிறுத்தி உட்கார்ந்தால் சூப்பர்வைசர் வந்து, "ஓடட்டும்பா, ஓடட்டும்" என்பார். துடைத்ததையே துடைத்தார்கள். சுவருக்கு ஒரு மாதம் பச்சை பெயின்ட், அடுத்த மாதம் அதன்மேல் சாம்பல் நிறம். ஐம்பது வயது மனிதர்களை ஒன்பது மணி நேரம் பொம்மை மாதிரி நிற்க வைத்து, அதற்கு உற்பத்தி என்று பெயர். தூ! நானும் காலி ஸ்டோரைத் திறந்துவைத்துக்கொண்டு ஒன்பது மணி நேரம் உட்கார்ந்தேன். எனக்கும் வாய் இருந்தது. அதைச் சாப்பிட மட்டும்தான் பயன்படுத்தினேன்.

கணக்கு வாரம் முடிந்ததும் மறுபடி ஒரு மணிக்கு வீடு. நாலு மாதம் இப்படியே ஓடியது. நாலு மாதமும் அக்காவின் படிவத்தில் ஐம்பத்துநாலு.

ஐந்தாம் மாதம் ஏழாம் நம்பர் தம்பிக்கு ஒரு கடிதம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நகரத் தண்ணீர் விநியோகத்தின் பம்ப் ஹவுஸில் ஆபரேட்டர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தான், அதற்கு இப்போது கூப்பிட்டிருந்தார்கள். பதினைந்து நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். சம்பளம் இங்கே உள்ளதைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் தண்ணீர் ஓடுகிறவரை வேலை ஓடும். இங்கே ராஜினாமா செய்தால் பதினாலு வருஷ சர்வீஸ் போய்விடும், கொஞ்ச நாளில் வரவேண்டிய சூப்பர்வைசர் பதவியும் போய்விடும். அவன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம்.

இரண்டு பேருமாக ஒரு சனிக்கிழமை மதியம் டைம் ஆபீஸுக்கே வந்துவிட்டார்கள். ஆட்களெல்லாம் போய்விட்ட நேரம். தம்பி கடிதத்தை மேசைமேல் வைத்தான். அவன் மனைவி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, இந்தக் கம்பெனியோட நேரமெல்லாம் உன் கையிலதான் இருக்கு. நீ சொல்லு. இது நிக்குமா, போயிடுமா?"

"போயிடச் சொல்லுங்க அண்ணி" என்றாள் அவன் மனைவி. "எனக்கு இங்க நடக்கிறது எதுவும் நல்லதாத் தெரியல. வேலை இல்லாம மெஷினை ஓட விடுறது எந்த ஊரு நியாயம்?"

இங்கேதான் நான் எழுந்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஓடிடு தம்பி" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். வாரம் எத்தனை லாரி வருகிறது என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அது அக்கா தம்பி விவகாரம், நமக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன். இந்த 'நமக்கு எதற்கு' என்பதைவிட அசிங்கமான ஒன்றை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

அக்கா மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். புள்ளியியல் அலுவலகம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பும் அறிக்கை. நாடு முழுக்க வால்வு, குழாய் செய்கிற நாற்பத்தொரு தொழிற்சாலைகளின் சராசரி வேலை நேரம் அதில் இருந்தது. நாற்பத்தேழில் தொடங்கிய கோடு ஐம்பத்திரண்டுக்கு ஏறியிருந்தது.

"நம்ம கணக்கு எப்படின்னு எனக்குத் தெரியும்டா" என்றார். "நம்மளது வெறும் காத்து. அதை நான் மறைக்கல. ஆனா இதைப் பாரு. மத்த நாப்பது கம்பெனியும் இதுல இருக்கு. அவங்க எல்லாருக்கும் நேரம் கூடியிருக்கு. இப்படி ஏறுச்சுன்னா ஆறு மாசத்துல அவங்களால சமாளிக்க முடியாம நமக்கும் ஆர்டர் வந்தே ஆகணும். எப்பவும் அப்படித்தான் நடந்திருக்கு. பதினாலு வருஷத்தைத் தூக்கிப் போட்டுட்டுப் போய் ராத்திரி பகலா பம்பைக் காவல் காக்கப் போறியா? இரு. நான் சொல்றேன், இரு."

தம்பி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மனைவி அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு அவன் கடிதத்தை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"நீ சொன்னா சரி" என்றான். ஆறு நிமிஷத்துக்குக்கூட இரக்கம் காட்டாத அக்கா சொல்கிறாள் என்றால் அதில் பொய் இருக்காது என்பது அவன் நம்பிக்கை. பதினைந்து நாளும் போனது, அவன் போகவில்லை.

பம்ப் ஹவுஸில் சேரவேண்டிய கடைசித் தேதி முடிந்து ஒன்பதாம் நாள் புள்ளியியல் அலுவலகத்தில் ஒரு கூட்டம். எங்கள் துறையின் டைம் ஆபீஸ் ஆட்களையெல்லாம் அழைத்து, படிவத்தை நேரத்துக்கு அனுப்புவதற்கு நன்றி சொல்லி, ஆளுக்கு ஒரு பேனாவும் கொடுத்தார்களாம். அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு போனார். மறுநாள் காலை வந்தபோது முகம் வெளுத்திருந்தது. பையைக்கூட வைக்காமல் ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

"அண்ணே, டீ குடிக்கிற நேரத்துல பக்கத்துல ஒருத்தர் நின்னாரு. குழாய் பண்ற கம்பெனி, நம்மளைவிட நாலு மடங்கு பெருசு. சிரிச்சுக்கிட்டே கேக்கிறாரு, 'பன்னெண்டாம் தேதி வாரத்துல உங்க ஆளுங்களுக்கு என்ன வேலை குடுப்பீங்க? எங்காளுங்க புல்லு புடுங்கியே தோட்டத்தை மொட்டையாக்கிட்டாங்க'ன்னு."

நான் கையிலிருந்த பதிவேட்டை மூடி வைத்தேன்.

"இன்னொருத்தர் சொல்றாரு, அவங்க பேக்கிங் பண்ணின பெட்டியைப் பிரிச்சு மறுபடியும் பேக்கிங் பண்ணுவாங்களாம். சுத்தி நின்னவங்க எல்லாரும் சிரிக்கிறாங்கண்ணே. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. ஒரு முதலாளி பாக்கியில்ல. எல்லாரும் விக்கப் பார்க்கிறவங்கதான். வாங்குறவன் ஒருத்தனும் இல்ல."

"அப்ப அந்தக் கோடு?"

"நான் எழுதினதுதான் அந்தக் கோடு. என்னையும் சேர்த்து நாப்பத்தொரு பேரு." அக்கா ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "என் எண்ணு பொய்னு எனக்குத் தெரியும். மத்தவன் எண்ணு நிஜம்னு நெனச்சேன். ஒவ்வொருத்தரும் அப்படித்தான் நெனச்சிருக்காங்க. சீ, எனக்கே என்னைப் பிடிக்கல."

தான் போட்ட உப்பையே சுவைத்துப் பார்த்துவிட்டு, யாரோ நன்றாகச் சமைத்திருக்கிறார்கள் என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அன்று மதியமே அக்கா அரை நாள் லீவு போட்டுவிட்டு பம்ப் ஹவுஸ் அலுவலகத்துக்குப் போனார். பதினேழு வருஷத்தில் அவர் போட்ட முதல் அரை நாள் லீவு அது. அங்கே இருந்தவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினாராம். பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டாகிவிட்டது, அவன் வந்து சேர்ந்தும் விட்டான் என்றாராம்.

தம்பியிடம் அன்று மாலையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. எழுந்து போய்விட்டான். அதன்பிறகு கார்டு அடிக்கும்போது ஜன்னல் பக்கம் திரும்புவதை நிறுத்திவிட்டான்.

ஏழு வாரம் கழித்துத் தொழிற்சாலையை மூடினார்கள். வாங்க யாரும் வரவில்லை. மேனேஜர் சீப்பை உருட்டிக்கொண்டே, "துறையெல்லாம் நல்லாத்தான் இருக்கு, நமக்குத்தான் நேரம் சரியில்ல" என்றார். அந்த வாயில் ஒரு அறை விட எனக்குக் கை துடித்தது. துடித்தது, அவ்வளவுதான். நூற்று முப்பத்துநாலு பேரை அன்றே அனுப்பிவிட்டு, மெஷின்களைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனுக்கு ஏற்றிவிட ஆறு பேரை மட்டும் ஒரு மாதத்துக்கு வைத்துக்கொண்டார்கள். அதில் ஏழாம் நம்பரும் ஒருவன். கழற்ற அவனுக்கு நன்றாகத் தெரியும் என்றார்கள். அக்காவும் நானும் ஆபீஸ் கணக்கில் மாத முடிவு வரை இருந்தோம்.

இரும்புக்காரன் அவசரப்படுத்தினான். ஆறு பேரும் காலை ஏழு மணிக்கு வந்து மாலை இருட்டும்வரை நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமையும் அரை நாள். தம்பி தன் லேத்தைத் தானே கழற்றியதை நான் பார்த்தேன். ஒவ்வொரு போல்ட்டையும் எண்ணெய் விட்டு, பக்குவமாகத்தான் கழற்றினான். அடித்து உடைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பன்னிரண்டாம் தேதி வந்தது, படிவமும் வந்தது. அக்கா ஆறு கார்டையும் மேசையில் பரப்பிக் கூட்டினார். ஊழியர் ஆறு. மொத்த நேரம் நானூற்று முப்பத்திரண்டு. சராசரி எழுபத்திரண்டு. எங்கள் தொழிற்சாலையின் வரலாற்றிலேயே அத்தனை பெரிய எண் போனதில்லை. அந்த மாதம் மட்டும் ஒரு மணி நேரம்கூடக் காற்று இல்லை, அத்தனையும் நிஜமான உழைப்பு. பிறகு அந்தக் காலிக் கட்டத்தில், குறிப்பு என்ற இடத்தில், பொடி எழுத்தில் எழுதினார்: 'தொழிற்சாலை மூடப்பட்டது. இந்த ஆறு பேரும் இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள்.'

மாதக் கடைசி நாள் மாலை போன் வந்தது. தம்பி கடைசியாகக் கார்டு அடிக்க வந்து நின்றிருந்தான், கை முழுக்கக் கிரீஸ். ஸ்டோருக்குத் திருப்பவேண்டிய பெரிய ஸ்பேனர் இன்னொரு கையில். போனில் வந்த குரல் பெரிய குரல், எனக்கே நன்றாகக் கேட்டது.

"மேடம், எழுபத்திரண்டுன்னு போட்டிருக்கீங்க. எண்ணு சரிதானா?"

"சரிதான் சார். குறிப்புல எழுதியிருக்கேன், படிச்சீங்களா?"

"குறிப்பை ஏத்துறதுக்கு கம்ப்யூட்டர்ல இடம் இல்ல மேடம். எண்ணு சரின்னா போதும். உங்க துறை இந்த மாசமும் நல்லா ஏறியிருக்கு."

"சார், கம்பெனியே இல்ல இனிமே. அடுத்த மாசம் ஆள் பூஜ்யம், நேரமும் பூஜ்யம். அதையாவது எழுதி அனுப்புறேன், சராசரியில சேருங்க."

"பூஜ்யத்தைச் சேர்க்க முடியாது மேடம். ஆளே இல்லேன்னா சராசரி ஏது? உங்க பேரைப் பட்டியல்லருந்து எடுத்துடுவோம். நீங்க ஒண்ணும் அனுப்ப வேண்டாம்."

"அப்ப மூடின கம்பெனியால அந்த எண்ணு குறையவே குறையாதா சார்?"

"அது வேற பிரிவு மேடம்" என்றது குரல். நன்றி சொல்லி வைத்துவிட்டது.

அக்கா போனை வைத்தார். நூற்று நாற்பது கார்டு செருகும் பலகையில் ஒன்றுகூட இல்லை. தம்பி தன் கார்டை மேசைமேல் வைத்தான். பதினோரு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் அவன் அக்காவிடம் வாயைத் திறந்தான்.

"ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு 'இரு'ன்னு சொன்னியே. நிஜமாவே நம்பித்தான் சொன்னியா?"

"நம்பித்தான்டா சொன்னேன்."

அவன் தலையை ஆட்டினான். "அதான் தாங்கல. நீ தெரிஞ்சே பொய் சொல்லியிருந்தின்னா, உன்னை நாலு வார்த்தை திட்டியாவது ஆத்திரத்தைத் தீர்த்துட்டிருப்பேன். இப்ப யாரைத் திட்டுறது?"

அவன் ஜன்னல் வழியாக ஸ்பேனரை என்னிடம் நீட்டினான். என்னையும் ஒரு நிமிஷம் பார்த்தான். நான் பேசாமல் இருந்த அந்தச் சனிக்கிழமை அவனுக்கும் நினைவு வந்திருக்கும். நான் ஸ்பேனரை வாங்கி, துடைத்து, பதிவேட்டில் அதற்கு நேராக 'வந்தது' என்று எழுதினேன். என் கையெழுத்து அன்றும் முத்து முத்தாகத்தான் இருந்தது, கேவலம்.